எந்த ஊரில் உறங்குவது, எந்த ஊரில் விழித்திருப்பது

திருகோணமலைக்காரர்களுக்கு இரவு ரயில் புதிதல்ல. பொழுது பட்ட பிறகு மெயிலில் ஏறினால் விடிவதற்கு முன்னரே கொழும்பு கோட்டையில் இறக்கிவிடும். கந்தோர் அலுவலாகப் போகிறவருக்கும் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறவருக்கும் அதைவிட வசதியான வண்டி கிடையாது. ஆனால் அந்தப் பாதையின் அழகை எங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சீனன்குடாவில் பாதையோரம் தெரியும் குடாக்கடல், தம்பலகாமத்து வயல்வெளி, கந்தளாய்ப் பக்கத்துப் பச்சை, அதற்கப்பால் கல்லோயாச் சந்தியைச் சுற்றிய யானைக்காடு எல்லாம் இருட்டிலேயே கழிந்துவிடுகின்றன. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயிலில் மோதி ஆறு யானைகள் இறந்த செய்தி வந்தபோதுதான், இத்தனை காலமும் எந்தக் காட்டுக்குள்ளால் உறங்கிக்கொண்டே போய் வந்திருக்கிறோம் என்று பலர் பேசிக்கொண்டார்கள். பகல் வண்டியில் ஒருமுறை கல்லோயா வரை போன நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறந்து வளர்ந்த மாவட்டத்தையே அன்றுதான் புதிதாகப் பார்த்தேன்.

வருகிற ஒகஸ்ட் விடுமுறையில் அம்மா, அக்கா, மனைவி, நான் என நால்வரும் இந்தியாவின் மேற்குக் கரையை ரயிலில் பார்த்துவர இருக்கிறோம். படுத்துப் போகிற ரயிலில் போகவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. திட்டம் போட உட்கார்ந்தபோது எங்கள் மெயில் கற்றுத்தந்த கேள்விதான் முதலில் வந்து நின்றது. நெடுந்தூர ரயிலில் இரவும் உண்டு, பகலும் உண்டு. பாதையின் எந்தப் பகுதியைத் தூக்கத்துக்குக் கொடுப்பது? கட்டணம், வகுப்பு, சாப்பாடு எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்த ஒன்றைத் தீர்மானிக்காமல் டிக்கெட் எடுப்பவர், பார்க்கப் போன இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுவார்.

அத்தான் எங்களோடு வரவில்லை. என்றாலும் கணக்குப் போடுவதில் அவருக்கு நிகர் அவர்தான். “எல்லா இரவையும் ரயிலிலேயே கழித்துவிடுங்கள் தம்பி. ஹோட்டல் செலவு மிச்சம். பகலில் ஊரைப் பாருங்கள், இரவில் படுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போங்கள்” என்றார். கோயில் கோயிலாக யாத்திரை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. பாதையையே பார்க்கப் போகிற எங்களுக்கு அது பொருந்தாது. ஹோட்டல் பணத்தை மிச்சம் பிடித்து, எதற்காகப் போகிறோமோ அதையே இழந்துவிட்டு வருவோம்.

ஆகவே ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்தேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நிலையங்களின் பெயர்கள். மேலே குறுக்காக மணி. ஒவ்வொரு ரயிலும் எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்தேன். பிறகு மாலை ஏழு முதல் காலை ஆறரை வரையுள்ள சதுரங்களைப் பென்சிலால் கறுப்பாக்கினேன். கோடு கறுப்புக்குள் நுழையும் இடமும் வெளியே வரும் இடமும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. அட்டவணையில் வெறும் எண்ணாக இருந்தது, எந்த ஆற்றைப் பார்ப்போம், எந்த ஆற்றை இழப்போம் என்று பேசத் தொடங்கிவிட்டது. இப்படி ஒரு பயணத்துக்கு ஆயத்தப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கொப்பி வேலையைத்தான்.

கறுப்பு ஏழு மணிக்குத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரத்தையே கடைப்பிடிக்கின்றன. ஆனால் திருகோணமலை ஏறக்குறைய 81 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. கோவா 74 பாகையில். அந்த ஏழு பாகை வித்தியாசம் சூரியனுக்கு அரை மணி நேரப் பயணம். இங்கே ஒகஸ்டில் ஆறரைக்கு முன்பே பொழுது பட்டுவிடும். அங்கே ஏழு மணியளவிலும் வெளிச்சம் நிற்கும். காலையில் நேர்மாறு, அங்கே விடிவது நம்மைவிடத் தாமதம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணிக்கு விடிந்துவிடும் என்று எண்ணி ரயிலைத் தெரிவு செய்தால் முதல் அரை மணி நேரம் இருட்டைத்தான் பார்க்க நேரும்.

இனி ரயில்கள். சென்னையிலிருந்து மங்களூருவுக்கு நேரடியாகப் போகும் வண்டிகளில் இரண்டை வைத்துப் பார்த்தேன். வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் புறப்பட்டு மறுநாள் அதிகாலையில் மங்களூருவை அடைகிறது. மங்களூரு மெயில் இரவு எட்டு மணியளவில் புறப்பட்டு மறுநாள் நண்பகலளவில் போய்ச் சேர்கிறது. முதலாவது வண்டியின் கோடு கேரளம் முழுவதையும் கறுப்புக்குள்ளேயே தாண்டியது. இரண்டாவதின் கோடு ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் எல்லாவற்றையும் இருட்டில் விட்டுவிட்டு, ஷொர்ணூர்ப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது. அங்கிருந்து குட்டிப்புரம் வரை பாரதப்புழை ஆற்றை அண்டியே பாதை போகிறது. பிறகு திரூர், கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு. தென்னந்தோப்பு, உப்பங்கழி, ஆற்று முகத்துவாரம், இடையிடையே இடப்பக்கத்தில் கடல். காலைத் தேநீரிலிருந்து மதியச் சாப்பாடு வரை இதுதான் யன்னலில். இந்த வண்டி ஒரு மணி நேரம் பிந்தி ஓடினால் பலர் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அது நன்மை. பாரதப்புழை முழு வெளிச்சத்தில் கிடைக்கும்.

சேலத்தையும் ஈரோட்டையும் உறக்கத்துக்குக் கொடுத்ததில் எனக்கு மனவருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும் இடமும் இருட்டில்தான் வருகிறது. ஆனால் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், நான் அதைக் கொடுத்தேன்.

மங்களூருவுக்கு வடக்கே கொங்கண் பாதை. பயணத்தின் உயிர்நாடி இதுதான். 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதை, மங்களூருவை அடுத்த தோக்கூரிலிருந்து மகாராஷ்டிரத்தின் ரோஹா வரை ஏறக்குறைய 740 கிலோமீற்றர் நீள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே இருந்த அந்த ஒடுங்கிய நிலத்தில் அதற்கு முன் நெடுக ஒரு ரயில்பாதை இருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஆறும் பாதையைக் குறுக்கே வெட்டியது; ஆறு இல்லாத இடத்தில் குன்று நின்றது. அதனால் பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய 2,000 பாலங்களும் 90க்கும் மேற்பட்ட சுரங்கங்களும் தேவைப்பட்டன. கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரைக் கிலோமீற்றர். ரத்னகிரிக்குப் பக்கத்தில் பன்வல் ஆற்றைக் கடக்கும் பாலத்தின் உயரம் 64 மீற்றர். கல்லோயாவிலிருந்து திருகோணமலை வரை பெரும்பாலும் சமதரையில் வந்து பழகிய எங்களுக்கு இதை மனத்தில் கொண்டுவருவதே கடினம்.

இங்கேதான் கொப்பி பெரிதாக உதவியது. மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் மங்களூருவில் பிற்பகல் புறப்பட்டு மறுநாள் காலை மும்பை போகிறது. அதில் போனால் உடுப்பி, ஹொன்னாவர், கார்வார் எல்லாம் பகலில் வரும். ஹொன்னாவரில் சராவதி ஆற்றின் மீது இரண்டு கிலோமீற்றர் நீளமான பாலமும் கார்வாரில் காளி ஆறும் கண்முன்னே விரியும். ஆனால் கோவாவில் இருட்டிவிடும். ரத்னகிரியும் பன்வல் பாலமும் தூக்கத்தில் போய்விடும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் இதற்கு எதிர்மாறு. அது கர்நாடகக் கரையை இரவில் கடந்து, மகாராஷ்டிரப் பகுதியைப் பகலில் காட்டுகிறது. ஆளுக்குப் பாதியாக இரண்டு வண்டிகளும் பாதையைப் பங்குபோட்டிருக்கின்றன. படுக்கையில் போகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிக் கொங்கணைத்தான் பார்க்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் அந்தத் துண்டில் படுக்கை வேண்டாம் மகன். படுக்கிறதை வேறு இடத்தில் படுப்போம்” என்றார். மூன்று நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சிக்கல் அத்தோடு தீர்ந்தது. மங்களூருவில் ஓர் இரவு தங்குவோம். மறுநாள் மத்ஸ்யகந்தாவில் கோவாவின் மட்காவ் வரை போய் இறங்குவோம். அங்கே இரண்டு நாள் ஆறியிருந்துவிட்டு, காலையில் புறப்படும் மாண்டோவி எக்ஸ்பிரஸில் மும்பைக்குப் போவோம். அந்த வண்டியின் சாப்பாடு பேர்பெற்றது. பெரும்பகுதி பகல் ஓட்டம். மங்களூரு மெயில் வந்து சேரும் அதே நாளில் மத்ஸ்யகந்தாவைப் பிடிக்க வழி இருக்கிறது போலத் தோன்றும், ஏமாறக் கூடாது. நெடுந்தூர ரயில் இரண்டு மணி நேரம் பிந்துவது அதிசயமல்ல. மழைக்கால அட்டவணையில் மத்ஸ்யகந்தா வழக்கத்தைவிட முன்னதாகவே புறப்பட்டும் விடும்.

மழைக்கால அட்டவணை என்பது கொங்கண் பாதைக்கே உரியது. ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை மண்சரிவுக்கு அஞ்சி ரயில்களின் வேகத்தைக் குறைத்து, நேரங்களை மாற்றிவிடுவார்கள். அக்கா இதைக் கேட்டதும், “மழைக்குள்ளே எதற்குத் தம்பி போக வேண்டும், டிசம்பரில் போனால் என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் பகல் குறுகிவிடும். கொப்பியில் கறுப்பு இரண்டு பக்கமும் விரியும். மலையில் அருவிகளும் வற்றத் தொடங்கியிருக்கும். ஒகஸ்டில் அந்த நிலம் இருக்கும் பச்சையை வேறு எந்த மாதத்திலும் காண முடியாது. இங்கே அந்த மாதத்தில் கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று நம் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு கீழே இறங்கி வருவதுதான் நமக்குக் கச்சான். அதே பருவக்காற்று அங்கே கடலிலிருந்து நேராக மலையில் முட்டி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் கொங்கணில் இறக்கிவிடுகிறது. நமக்கு நெருப்பாக வருவது இன்னொரு கரைக்கு எப்படி வருகிறது என்று ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ரயில் மெதுவாகப் போனால் போகட்டும், பார்ப்பதற்கு அது நல்லதுதான்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஆவணியில் வரும் விநாயகர் சதுர்த்திக்கு மும்பையில் வேலை செய்யும் கொங்கண்காரர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்புவார்கள். அந்த நாட்களை ஒட்டி இந்தப் பாதையில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சில ஆண்டுகளில் அது ஒகஸ்ட் இறுதியிலேயே வந்துவிடும். நாட்காட்டியைப் பார்த்து அதற்கு முன்னரே போய்வந்துவிட வேண்டும்.

திரும்பும் வழியில் இன்னொரு படுக்கை இரவு. மும்பை சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து பகல் ஒரு மணியை ஒட்டிப் புறப்பட்டு மறுநாள் சென்னை சேரும் எக்ஸ்பிரஸ் ஒன்று இருக்கிறது. இரவில் புறப்படும் மெயிலும் உண்டு, அது மும்பைக்கும் பூனேக்கும் இடையிலுள்ள போர் காட் என்ற மலையேற்றத்தை இருட்டில் கடக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். 1863இல் திறந்த மலைப்பாதை அது. 37 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. ஒரு என்ஜினால் இழுக்க முடியாது என்பதால் கர்ஜத் நிலையத்தில் பின்னால் உதவி என்ஜின்களைப் பூட்டித் தள்ளிக்கொண்டு லோனாவாலா வரை ஏறுவார்கள். என்ஜின் பூட்டும் அந்தச் சில நிமிடங்களில் மேடையில் வடா பாவ் வாங்கிச் சாப்பிடுவது அந்த வழியில் போகிறவர்களின் வழக்கமாம். ஒகஸ்ட் பிற்பகலில் அந்த மலை முழுவதும் அருவியாக இருக்கும். பூனேயும் சோலாப்பூரும் தாண்டும்போது இருட்டிவிடும். தக்காணத்துச் சமவெளியை உறக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, ரேணிகுண்டாப் பக்கத்தில் எழுந்து பல் விளக்கினால் போதும்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் எந்தப் படுக்கை என்பதில்தான் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி மலிவு. ஆனால் அதில் நடுப்படுக்கை ஒன்று இருக்கிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதை விரித்து வைக்கலாம் என்பது விதி. ஆறு மணிக்குப் பிறகும் ஒருவர் அதில் தூங்கிக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. எங்களுக்கு வேண்டிய வெளிச்சம் வருவதோ சரியாக அந்த நேரத்தில். தூங்கும் மனிதரை எழுப்பவும் மனம் வராது. அதனால் இரண்டடுக்கு ஏ.சி.

அதிலும் நடைபாதைப் பக்கம் உள்ள கீழ்ப்படுக்கையான சைடு லோயரைப் பலர் வேண்டாம் என்பார்கள். ஆட்கள் போய்வரும் சந்தடி, உயரமானவருக்குக் கால் நீட்ட இடம் போதாது என்பது அவர்கள் குறை. காட்சி பார்க்கிறவருக்கு அதைவிடச் சிறந்த இடம் பெட்டியில் இல்லை. மற்றப் படுக்கைகள் பெட்டிக்குக் குறுக்கே கிடப்பவை. அவற்றில் படுத்தால் தலையோ காலோ மட்டும்தான் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். சைடு லோயர் பெட்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. படுத்தால் யன்னல் பக்கத்திலேயே இருக்கும். தலையணையில் முகத்தைத் திருப்பினால் போதும், நாடு ஓடிக்கொண்டிருக்கும். பகலில் அதையே மடித்தால் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். சைடு லோயரும் அதற்கு மேலுள்ள சைடு அப்பரும் நம்முடையதாக இருந்துவிட்டால் அந்த யன்னல் வேறு எவருக்கும் சொந்தமில்லை. அந்த யன்னல் கடல் பக்கமாக வருமா என்று மட்டும் முன்கூட்டியே அறிய முடியாது. பெட்டியை எந்த முகமாகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஏ.சி. பெட்டியில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். யன்னல் திறக்காது, இரட்டைக் கண்ணாடி, அதிலும் நிறம் பூசியது. முன்னர் ஒருமுறை அதில் போனபோது வயல்வெளி பழைய புகைப்படம் போல மங்கலாகத் தெரிந்தது. சாதாரண ஸ்லீப்பர் வகுப்பில் கம்பி போட்ட திறந்த யன்னல் இருக்கும். காற்றும் மண்வாசனையும் முகத்துக்கே வரும். மழை பெய்தால் யன்னலை இறக்கிவிட வேண்டியதுதான். நானும் மனைவியும் மட்டும் போவதென்றால் யோசிக்காமல் ஸ்லீப்பரைத்தான் எடுப்போம். அம்மாவுக்கு இரவில் நல்ல தூக்கம் வேண்டும். காகித உறைக்குள் மடித்துத் தரும் இரண்டு வெள்ளை விரிப்பு, கம்பளி, தலையணை எல்லாம் ஏ.சி. வகுப்பில் கிடைக்கும். எனவே இரவுகளில் ஏ.சி.; மட்காவ் வரையான பகல் ஓட்டத்தில் திறந்த யன்னல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மேலே ஏற முடியாது. இந்திய ரயில்வேயில் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பலர் கவனிக்காத நிபந்தனையும் உண்டு. அந்த வயதுக்காரர் ஒருவராகவோ இருவராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அது செல்லும். வயது குறைந்தவர்களையும் சேர்த்து நால்வருக்கு ஒரே டிக்கெட் எடுத்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். ஆகவே அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு டிக்கெட். எங்கள் இருவருக்கும் சைடு லோயர், சைடு அப்பர் கேட்டு இன்னொரு டிக்கெட். விடிந்த பிறகு அம்மா எங்கள் யன்னலுக்கு வந்துவிடலாம்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாட்களாக இருந்தது. பழைய கட்டுரைகளை நம்பிவிடாதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 365 நாட்களுக்கு முன்பே பதியும் ஒதுக்கீடும் உண்டு, ஆனால் எல்லா ரயில்களிலும் இல்லை. கடைசி நேரத் தட்கல் டிக்கெட்டை மறந்துவிட வேண்டியதுதான். 2025 ஜூலையிலிருந்து அதை இணையத்தில் எடுக்க ஆதார் என்ற இந்திய அடையாள எண் வேண்டும். ஆர்.ஏ.சி., அதாவது படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் தரும் டிக்கெட், கிடைத்தால் ஏறலாம், ஆனால் இருவர் ஒரு சைடு லோயரில் உட்கார்ந்தபடி போக நேரிடலாம். இணையத்தில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட் கடைசிவரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கடவுச்சீட்டின் மூலப்பிரதியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சென்னைக்குப் பலாலியிலிருந்து விமானத்தில் போகிறோம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை ஒரே டிக்கெட்டில் கொழும்பிலிருந்து சென்னை போக முடிந்தது. தலைமன்னார் வரை ரயில், கடலைக் கடக்கக் கப்பல், தனுஷ்கோடியில் காத்திருக்கும் இன்னொரு ரயில். திருகோணமலையில் ஏறியவர்களும் கல்லோயா, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிக்கொண்டு அந்தப் பாதையைப் பிடித்திருக்கலாம். அது திரும்ப வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஜூன் மாதத்தில் முன்பதிவு செய்யும் காலையில் நான் கணினிக்கு முன்னால் இருப்பேன், மனைவி கடனட்டையோடும் கைத்தொலைபேசியோடும் பக்கத்தில் இருப்பார். மங்களூரு மெயிலில் இடம் கிடைக்காவிட்டால் வெஸ்ட் கோஸ்டை எடுத்துவிடச் சொல்கிறார் அத்தான். இரண்டும் போவது ஒரே ஊருக்குத்தானே என்பது அவர் வாதம். நாங்கள் நாளை மாற்றுவோம், வண்டியை மாற்ற மாட்டோம்.